எந்தப் பாதைக்கு எந்த டயர்?

ஜீப் ஜாதி வண்டிகள் ஒரு காலத்தில் ராணுவத்தாருக்கும் காட்டிலாகா உத்தியோகஸ்தர்களுக்கும் மலைத் தோட்டக்காரர்களுக்குமே உரியவையாக இருந்தன. இன்றோ குடும்பஸ்தர்கள் பலர் அவற்றை விரும்பி வாங்குகிறார்கள். 2020-ஆம் ஆண்டில் புதிய உருவத்துடன் வெளிவந்த மஹீந்திரா தார், 2023-இல் வந்த மாருதி ஜிம்னி முதலிய வண்டிகளை நகரத்துத் தெருக்களிலும் தாராளமாகக் காணலாம். வண்டி வீட்டுக்கு வந்து சில மாதங்கள் ஆனதும் ஒரு விவாதம் கிளம்புகிறது. "டயர் இன்னும் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தால் எவ்வளவு கம்பீரமாக இருக்கும்!" என்கிறான் வீட்டுப் பிள்ளை. "இருக்கிற டயருக்கு என்ன குறைச்சல்?" என்கிறாள் தாயார். இந்த வழக்கில் இரு தரப்பையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதே நமது நோக்கம்.

முதலில் ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். இவ்வளவு பெரிய வண்டி பூமியைத் தொடுவது நான்கே இடங்களில்தான். ஒவ்வோர் இடமும் ஏறக்குறைய விரித்த உள்ளங்கை அளவுதான். எஞ்சினுக்கு எவ்வளவு சக்தி இருந்தாலும், பிரேக் எவ்வளவு உயர்ந்ததானாலும், அந்த நான்கு உள்ளங்கைகள் பிடித்தால்தான் பிரயோஜனம்.

இரண்டாவதாக, அநேகர் மனத்தில் ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்வதால் வண்டி வழுக்காது என்று நம்புகிறார்கள். விசை வண்டியைக் கிளப்பவும் சேற்றிலிருந்து மீட்கவும் மேட்டில் ஏற்றவும் உதவும், நிறுத்துவதற்கு உதவாது. சாதாரணக் காருக்கும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் உண்டு. மழையில் நனைந்த மலைப் பாதையில் இறங்கும்போது, குடும்பத்தின் க்ஷேமம் டயரின் ரப்பரைத்தான் நம்பியிருக்கிறது.

இவ்வகை வண்டிகளுக்கான டயர்கள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். தார் ரோட்டுக்கு ஏற்ற எச்.டி. டயரில் பள்ளங்கள் குறைவு; ரப்பர் அதிகமாகத் தரையில் படியும்; சத்தமில்லாமல் ஓடும். சேற்றுக்கென்றே பிறந்த எம்.டி. டயரில், மெக்கானிக்குகள் 'பட்டன்' என்று சொல்லும் ரப்பர்க் கட்டிகள் பெரியவை, இடைவெளிகள் அகலமானவை. சக்கரம் சுழலும்போது சேறு அந்த இடைவெளிகளிலிருந்து உதறப்படும். ஆனால் தரையைத் தொடும் ரப்பர் குறைவாதலால், நனைந்த தார் ரோட்டில் பிரேக் போட்டால் வண்டி நிற்க அதிக தூரம் பிடிக்கும். இரைச்சலும் அதிகம், எண்ணெய்ச் செலவும் ஏறும்.

இரண்டுக்கும் நடுவே நிற்கும் மத்தியஸ்தன்தான் ஏ.டி. எனப்படும் 'ஆல் டெர்ரெய்ன்' டயர். மத்தியஸ்தன் என்றால் இரு தரப்புக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பவன் அல்லவா? தார் ரோட்டில் எச்.டி.யைப் போல் அமைதியாக ஓடாது. ஆழ்ந்த சேற்றில் எம்.டி.யைப் போல் மீளாது. இரண்டு இடங்களிலும் ஓரளவு கௌரவமாக நடந்துகொள்ளும்.

ஆகையால் கடைக்குப் போகுமுன் வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட வேண்டும். சென்ற வருஷம் வண்டி ஓடிய ஒவ்வொரு நூறு கிலோமீட்டரிலும் தார் ரோடு எவ்வளவு, கல்லும் மண்ணும் எவ்வளவு? நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் ஓடி, கோடையில் ஒரு முறை ஏற்காட்டுக்குப் போய் வரும் குடும்பத்துக்கு எச்.டி.யே போதும்; ஏற்காட்டுக்கும் தார் ரோடுதான் போகிறது. கொல்லிமலையில் தோட்டம் வைத்திருப்பவர் கதை வேறு. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தார் ரோட்டில் கடந்த பிறகு, தோட்டத்துக்குப் போகும் கல் பாதையில் அவர் வாரந்தோறும் இறங்கி ஏற வேண்டும். அங்கே கூர்மையான கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டால் பஞ்சர் ஒட்டிச் சரிசெய்ய முடியாது. டயரையே மாற்ற வேண்டும். அவருக்குப் பக்கவாட்டு உறுதியுள்ள ஏ.டி. டயர் ஆடம்பரமன்று, அவசியம்.

தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணலிலோ முரட்டு டயரை விடக் காற்றை இறக்கும் சாமர்த்தியமே உதவும். முப்பது பவுண்டுக்கு மேல் இருக்கும் காற்றை இருபது பவுண்டு வரை குறைத்தால், டயர் பரந்து மணல் மேல் மிதக்கும். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறுபடி காற்று நிரப்ப மறக்கக் கூடாது. காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும். லடாக் யாத்திரை செல்வோர் மலைச் சிகரத்துக்குள் பனிப்பூ வரைந்த முத்திரை டயரில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். பனிப் பரீட்சையில் தேறிய டயருக்கே அது கிடைக்கும். 'எம்+எஸ்' என்ற எழுத்துக்களுக்கு அத்தகைய பரீட்சை தேவையில்லை.

டயரின் பக்கவாட்டில் அதன் ஜாதகமே எழுதியிருக்கிறது. '255/65 ஆர் 18' என்பது தார் வண்டியின் ஓர் அளவு. 255 மில்லிமீட்டர் அகலம். அதில் நூற்றுக்கு 65 பங்கு பக்கவாட்டு உயரம். 18 அங்குல ரிம். அடுத்து '111 எஸ்' என்றிருந்தால், அந்த டயர் 1,090 கிலோ சுமக்கும். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் தாங்கும். வண்டியுடன் வந்த எண்ணை விடக் குறைந்ததை வாங்கக் கூடாது. '3523' போன்ற நான்கு இலக்கங்கள் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் பிறந்தது என்று சொல்லும். கடையில் பல வருஷம் தூங்கிய டயர் பளபளப்பாயிருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும்.

இன்னொரு முக்கியமான விதி: நான்கு டயர்களும் ஒரே அளவாக, ஒரே வகையாக, ஏறக்குறைய ஒரே தேய்மானமுள்ளவையாக இருக்க வேண்டும். தார், ஜிம்னி போன்ற வண்டிகளில் நான்கு சக்கர விசையைப் பூட்டியதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. முன்னே புதிய டயரும் பின்னே தேய்ந்த டயருமாக இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் வேதனைப்படும். ஸ்டெப்னிக்கும் இதே விதிதான். வசதியுள்ளவர்கள் ஐந்தாக வாங்கி, முறை வைத்து இடம் மாற்றி ஓட்டுவது நல்லது. பட்டன்களுக்கிடையே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் உண்டு. ரப்பர் தேய்ந்து அவற்றுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

இனி நமது தீர்ப்பு. பிள்ளையின் ஆசையில் குற்றமில்லை. தாயாரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வண்டி நிற்கும்போது பார்ப்பவருக்கு அழகாயிருக்கும் டயர் ஒன்று. ஓடும்போது உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும் டயர் மற்றொன்று. இரண்டும் ஒன்றாக அமைந்தால் பாக்கியம். அமையாவிட்டால், உள்ளே இருப்பவர் பக்கமே நாம் பேசுவோம்.