எண்ணும்மையும் ஆங்கில வாக்கியமும்

தமிழாசிரியனுக்கு ஆங்கில வாக்கியத்தில் என்ன அலுவல் என அன்பர் சிலர் வினவக்கூடும். ஆங்கிலத்தார் ‘பரலல் ஸ்ட்ரக்சர்’ என வழங்குவதும், நாம் இணையமைப்பு எனச் சொல்லத்தக்கதுமாகிய வாக்கிய நெறி நம் மாணவர்க்குப் புதிதன்று. தாய்மொழியில் நாடோறும் பிழையின்றி ஆள்வதனையே அவர்கள் ஆங்கிலத்திற் கைநழுவ விடுகின்றனர். ஆதலின் தமிழ்வழி நின்று அதனை விளக்குதல் பயனுடைத்தாம்.

நெறி சிறியது. ஒரு வாக்கியத்தில் ஒரே தொழிலைப் புரியும் சொற்களும் தொடர்களும் ஒரே வடிவில் நிற்றல் வேண்டும். ‘ஹீ லைக்ஸ் றீடிங், றைட்டிங் அண்ட் டு சுவிம்’ என எழுதும் மாணவன், முதலிரண்டு சொற்களையும் ‘இங்’ என்னும் ஈற்றால் முடித்து, மூன்றாவதற்கு ‘டு’ என்பதை முன்னே கொடுத்து வேறாக்கினான். ‘சுவிம்மிங்’ என்றானாயின் மூன்றும் ஒத்து நிற்கும். அதே மாணவன் தமிழில், ‘அவனுக்குப் படித்தலும் எழுதுதலும் நீந்தவும் விருப்பம்’ என ஒருபொழுதும் எழுதான். அவன் செவியே தடுத்துவிடும்.

அச்செவி தமிழில் விழித்திருப்பதும் ஆங்கிலத்தில் உறங்குவதும் எதனால்? காரணம் உம்மையில் உளதென்பது என் கருத்து. ‘நெல்லும் மீனும் தேங்காயும் இவ்வூரில் விலைப்படும்’ என்னுமிடத்து எண்ணும்மை ஒவ்வொரு சொல்லின் ஈற்றிலும் வந்து ஒட்டுகின்றது. ஒட்டுந்தோறும் அச்சொல்லின் வடிவம் நம்மை அறியாமலே நிறுக்கப்படுகின்றது. உம்மையின்றிப் பெயர்களை வாளா அடுக்கினாலோ, ‘நெல், மீன், தேங்காய் ஆகிய மூன்றும்’ எனத் தொகை கொடுத்து முடிக்கின்றோம். பெயர்ச்செவ்வெண் தொகைபெறும் என நன்னூலார் விதித்ததும் இதுவே. ஆங்கிலத்திலோ ‘அண்ட்’ என்பது பெரும்பாலும் இறுதி உறுப்பின் முன் ஒருமுறையே வரும். முன்னின்றவை எவ்வடிவின என நினைவூட்டும் காவல் ஆங்கில வாக்கியத்தில் இல்லை. வாக்கியம் நீளுந்தோறும் மறதியும் மிகும். ஆகவே ‘அண்ட்’ எழுதிய மாத்திரத்தே பேனாவை நிறுத்தி, பின்னோக்கி ஒருமுறை பார்த்துக்கொள்க என மாணவர்க்குச் சொல்லுதல் நன்று.

இரட்டையாய் வரும் இணைப்புச் சொற்களில் இடமே தலையாயது. ‘ஹீ நாட் ஒன்லி லாஸ்ட் த போட் பட் ஆல்சோ த நெட்’ என்பதில் ‘நாட் ஒன்லி’யை அடுத்து வினையும், ‘பட் ஆல்சோ’வை அடுத்துப் பெயரும் நிற்கின்றன. ‘ஹீ லாஸ்ட் நாட் ஒன்லி த போட் பட் ஆல்சோ த நெட்’ என்றால் இருபுறமும் பெயரே நிற்கும். ‘தோணியை மட்டுமன்றி வலையையும் இழந்தான்’ என நம் கரையோரத்தார் பேசும்பொழுது, வேற்றுமையுருபு இருபுறமும் ஒத்து நிற்றலைக் காண்க. ‘ஐதர்–ஓர்’, ‘போத்–அண்ட்’ என்பனவும் இவ்வாறே.

இஃது அழகு பற்றிய செய்தி மட்டுமன்று. வழக்கும் வாக்குமூலமும் இதனால் திரிபடையக்கூடும். ‘ஹீ செட் தட் ஹீ வாஸ் இல் அண்ட் ஹிஸ் பிரதர் ஹாட் கோன் டு கல்முனை’ என ஒருவர் எழுதிக்கொடுத்தார் என வைத்துக்கொள்வோம். தம்பி கல்முனைக்குப் போனமை நோயாளி கூறியதா, எழுதியவர் தாமே அறிந்ததா? வாக்கியம் இருபொருட்கும் இடந்தருகின்றது. ‘அண்ட்’ என்பதன் பின் ‘தட்’ என்னும் ஒரு சொல்லை மீட்டும் இட்டால், இரண்டும் நோயாளியின் கூற்றே என்பது உறுதியாகும். ‘தான் நோயுற்றிருப்பதாகவும் தம்பி கல்முனைக்குச் சென்றுவிட்டதாகவும் கூறினான்’ எனத் தமிழ் அதனை ஐயத்திற்கிடமின்றி முடித்துவிடுகின்றது. கந்தோர்களுக்கு ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுதும் பழைய மாணவர், கூறியது கூறலென்னுங் குற்றத்திற்கு அஞ்சி இச்சொல்லை விட்டுவிடுகின்றனர். அவ்வச்சம் இவ்விடத்துப் பொருந்தாது.

நிரனிறையையும் இங்கு நினைத்தல் தகும். பெயர்களை ஒரு வரிசையாகவும் அவற்றுக்குரிய பயனிலைகளை மற்றொரு வரிசையாகவும் நிறுத்தி, முறையே கொள்ளவைக்கும் இப்பொருள்கோளைத் தொல்காப்பியம் கூறிய நான்கனுள்ளும் நன்னூல் கூறிய எட்டனுள்ளும் காணலாம். ஆங்கிலத்தார் ‘றெஸ்பெக்டிவ்லி’ என ஒரு சொல்லை ஈற்றிலிட்டு இப்பணியை முடிப்பர். நமக்கு வரிசையே போதுமானதாயிற்று.

இணையமைப்பு தெளிவைத் தருவது போலவே மயக்கவும் வல்லது. 1892இல் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணியில் ‘செகசிற்பியார்’ எனத் தமிழ்ப்பெயர் சூட்டிய புலவரின் ‘யூலியஸ் சீசர்’ நாடகத்தை நோக்குக. மூன்றாம் அங்கத்திலே, சீசரைக் கொன்ற புரூட்டஸ் மக்கள்முன் உரைநடையிற் பேசுகின்றான். சீசரின் இயல்புகள் நான்கை எடுத்து, ஒவ்வொன்றற்கும் தான் அளித்த கைம்மாறு இன்னதென ஒரே வடிவிலமைந்த நான்கு தொடர்களாற் கூறுகின்றான். முதன் மூன்றும் அன்பும் மகிழ்வும் மதிப்பும் பற்றியன. நான்காவது, பேராசைக்குக் கொலை. முன்னைய மூன்றனையும் ஒப்புக்கொண்ட செவி, அதே உடையில் வந்த நான்காவதனையும் வினவாது ஏற்றுக்கொள்ள, கூட்டம் ஆரவாரிக்கின்றது. பின்வந்த அன்ரனி, பேராசை என்னும் அவ்வொரு சொல்லையே வரிசையினின்று பிரித்தெடுக்கின்றான். சீசர் பொதுக்கருவூலத்தை நிரப்பியதனையும், ஏழையர் அழத் தானும் அழுததனையும், நீட்டிய முடியை மும்முறை மறுத்ததனையும் அதன் பக்கத்தே ஒவ்வொன்றாக நிறுத்திக் காட்டுகின்றான். சற்றுமுன் புரூட்டஸை வாழ்த்திய அம்மக்களே கொலைஞரின் வீடுகளுக்குத் தீயிடப் புறப்படுகின்றனர்.