விண்டோஸ் மாற்றினால் எந்த டிரைவர்?

அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அப்படிக் கிடைத்த பழைய மடிக்கணினியில் விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் வைஃபை வராது, சத்தம் கேட்காது. உடனே கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவிடுகிறோம். பெரும்பாலும் குறை டிரைவரில்தான்.

டிரைவர் என்பது கணினியின் ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள். விண்டோஸ் தானே போட்டுக்கொள்வது ஒரு வகை. மடிக்கணினி நிறுவனம் தன் இணையதளத்தில் தருவது இன்னொரு வகை.

முதலில் விண்டோஸ் அப்டேட்டை முழுமையாக ஓட விடுங்கள். பெரும்பாலான பாகங்களுக்கு அதுவே போதும். பிறகு டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி உள்ள பாகத்துக்கு மட்டும், அடிப்பக்க ஸ்டிக்கரிலுள்ள மாடல் எண்ணைப் பார்த்து, நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுங்கள். அங்கே விண்டோஸ் 7-க்கான பழைய டிரைவர் மட்டுமே இருந்து, விண்டோஸ் கொடுத்தது நன்றாக ஓடினால், அதை மாற்ற வேண்டாம்.

வைஃபை இல்லாவிட்டால் அப்டேட்டும் ஓடாது. எனவே விண்டோஸை அழிக்கும் முன்பே வைஃபை டிரைவரையும் பிள்ளைகளின் பாடக் கோப்புகளையும் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். மறந்திருந்தால் செல்போனைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் மூலம் இணையம் பெறலாம். எல்லா டிரைவரையும் இலவசமாகத் தருவதாக வரும் விளம்பர மென்பொருட்களை இறக்காதீர்கள்.

இன்ஷா அல்லாஹ், ஒதுக்கி வைத்த மடிக்கணினி இன்னொரு பிள்ளையின் படிப்புக்கு உதவும்.