‘சேர்க்கப்பட்டார்’: யாரால்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்த நமக்குத் தஞ்சோங் ரம்புத்தான் ஓர் ஊராக அறிமுகமாவதற்கு முன்பே வசைச்சொல்லாக அறிமுகமாகிவிட்டது. பேராக்கில், ஈப்போவை அடுத்த அவ்வூரில் 1911இல் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டதே காரணம். பின்னர் அதற்குப் ‘பஹாகியா’, அதாவது மகிழ்ச்சி, எனப் பெயரிட்டனர், வசையோ மாறவில்லை.

‘அவர் அங்கே சேர்க்கப்பட்டார்’ என்கிறோம். இச்செயப்பாட்டுவினையில் சேர்த்தவர் மறைந்துவிடுகிறார். மொழியியலார்க்குச் சட்டத்தில் என்ன வேலை என்று வினவுவோர்க்கு இதுவே நம் விடை: அந்த மறைவைச் சட்டம் ஏற்பதில்லை.

2010இல் நடைமுறைக்கு வந்த 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி, ஒருவரை அவர் விருப்பமின்றிச் சேர்க்க உறவினர் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவர் நேரில் சோதித்துப் பரிந்துரைக்க வேண்டும். அச்சோதனை சேர்க்கைக்கு முந்தைய ஐந்து நாள்களுக்குள் நிகழ்ந்திருக்க வேண்டும். பழைய சான்று செல்லாது. முதற்கட்டத் தடுத்துவைப்பு ஒரு மாதத்தைத் தாண்டலாகாது. நீட்டிக்க மருத்துவர் இருவர் தேவை. அவருள் ஒருவர் உளநோய் வல்லுநராதல் வேண்டும். காவலர் பிடித்துச் சென்றவரை 24 மணி நேரத்துள் மருத்துவரிடம் கொண்டுசேர்த்தாக வேண்டும்.

நம் பேச்சுவழக்கில் குடிப்பவரும் பைத்தியம், மதம் மாறியவரும் பைத்தியம். சட்டமோ, குடி, ஒழுக்கக்கேடு, அரசியல் கருத்து, சமய நம்பிக்கை ஆகியவற்றை மட்டுமே கொண்டு எவரையும் மனநோயர் எனக் கொள்ளலாகாது என்கிறது. இவ்வரையறையை வகுப்பறையில் ஒருமுறையேனும் படித்துக்காட்டலாம் என்பது நம் கருத்து.

பிரிக்பீல்ட்சில் இவ்வுரை முடிந்தபின் மாணவி ஒருவர், “அம்மாவே கையொப்பமிட்டிருந்தால் நான் எதையும் கேட்க முடியாதா, ஐயா?” என்றார். கேட்கலாம், அம்மா. எந்த மருத்துவர், எந்த நாளில் சோதித்தார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.