பாகூர் ஏரிக்கரையில் ஒரு குதிரை வீரன்!

"டேய்! ஒழுங்காகப் பாடத்தைப் படி. இல்லாவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்!"

வில்லியனூரிலும் பாகூரிலும் இந்த வசவைக் கேட்காமல் வளர்ந்த பையன் உண்டா? பையன் என்ன செய்வான்? "சரிம்மா" என்று தலையை ஆட்டுவான். சரித்திரப் புத்தகத்தை அகல விரித்துப் பிடித்துக்கொள்வான். அதன் நடுவே இன்னொரு புத்தகம் ஒளிந்திருக்கும். சட்டைப் பைக்குள் அடங்கும் அளவு. பழுப்பேறிய தாள். அட்டையில் ஒரு குதிரை, இரண்டு துப்பாக்கிகள், நெருப்பாய்ச் சிவந்த வானம்!

அந்தப் புத்தகத்தின் கதாநாயகன் யார் தெரியுமா? 'கௌபாய்.' தமிழில் சொன்னால், மாடு மேய்க்கும் பையன்!

அம்மா எந்தத் தொழிலைச் சொல்லிப் பயமுறுத்தினாளோ, அந்தத் தொழில்காரனையே பிள்ளை கோயில் கட்டாத குறையாகக் கொண்டாடிக் கொண்டிருந்தான். இந்த வேடிக்கை அம்மாவுக்கும் தெரியாது. அப்போது பிள்ளைக்கும் தெரியாது.

இருபத்தைந்து வருஷக் கூத்து

உண்மையான கௌபாய் எப்படி வாழ்ந்தான்? அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. டெக்ஸாஸில் மாடுகள் ஏராளம். வடக்கே இறைச்சிக்கு நல்ல விலை. ஆகவே ஆயிரக்கணக்கான மாடுகளை, குதிரைமேல் உட்கார்ந்தபடியே, மாதக் கணக்கில் ஓட்டிப்போய்க் கான்ஸாஸ் ரயிலடிகளில் சேர்க்க வேண்டும். வெயில், புழுதி, தூக்கமின்மை. நம் மாட்டுக்காரர்கள் படுகிற பாடுதான் அவனும் பட்டான். அவர்களில் பலர் கறுப்பர்கள், பலர் மெக்ஸிகோக்காரர்கள்.

1874இல் கிளிட்டன் என்பவர் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். திறந்த வெளியெல்லாம் வேலிக்குள் போயிற்று. ரயில் பாதையும் நீண்டுகொண்டே வந்தது. மாடுகளை அவ்வளவு தூரம் ஓட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சுமார் இருபத்தைந்து வருஷத்தில் கூத்து முடிந்துவிட்டது. கதைகளில் தினம் ஒரு துப்பாக்கிச் சண்டை நடக்கும் டாட்ஜ் சிட்டியில்கூட, ஊருக்குள் துப்பாக்கி எடுத்துவரத் தடை இருந்தது!

அப்படியானால் இத்தனை சண்டைகளும் எங்கிருந்து வந்தன? காகிதத்திலிருந்து!

சாணித்தாள் சாம்ராஜ்யம்

1860இல் நியூயார்க்கில் பீடில் கம்பெனியார் பத்து செண்ட் விலையில் நாவல்கள் வெளியிடத் தொடங்கினார்கள். 1919இல் மேற்கத்தியக் கதைகளுக்கென்றே 'வெஸ்டர்ன் ஸ்டோரி மேகஸின்' வந்தது. மரக்கூழில் செய்த மட்டமான தாளில் அச்சடித்ததால் இவ்வகைப் பத்திரிகைகளுக்குப் 'பல்ப்' என்று பெயர். நம் ஊரில் அந்தத் தாளுக்குச் 'சாணித்தாள்' என்று பெயர். இரண்டும் ஒன்றுதான்.

எழுதியவர்களும் விசித்திரமானவர்கள். புகழ்பெற்ற ஜேன் கிரே பல் டாக்டராக இருந்தவர். ஜெர்மனியின் கார்ல் மே இன்னும் ஒரு படி மேல்! அமெரிக்க மண்ணை மிதிக்காமலேயே செவ்விந்தியர் கதைகளை எழுதிக் குவித்தார். 1908இல்தான் ஒருமுறை அங்கே போனார். அப்போதும் அந்த மேற்குப் பிரதேசத்தைப் பார்க்கவில்லை. பார்க்காத ஊரைப் பார்த்தவர்போல அவர் எழுதினார். பார்க்காத நாமும் பார்த்தவர்போலவே படித்தோம். கணக்குச் சரியாகிவிட்டது!

சிவகாசியில் இறங்கிய குதிரைகள்

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தக் குதிரை வீரர்கள் பெரும்பாலும் சித்திரக் கதைகளாகவே வந்து சேர்ந்தார்கள். வழி, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர் போன சிவகாசி. 1972இல் அங்கே சௌந்திரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' தொடங்கினார். 1984இல் அவர் புதல்வர் விஜயன் 'லயன் காமிக்ஸ்' தொடங்கினார். அதே வருஷம் சென்னையிலிருந்து 'ராணி காமிக்ஸ்' புறப்பட்டது. 2005 வரையில் அதில் 500 இதழ்கள் வந்தன. அதில் பக் ஜோன்ஸ் என்ற கௌபாய்க்கு ஏகப்பட்ட ரசிகர்கள். பக் ஜோன்ஸ் உண்மையில் வாழ்ந்த ஒரு ஹாலிவுட் நடிகர். 1942இலேயே ஒரு தீ விபத்தில் இறந்துபோனவர். இதெல்லாம் நமக்கு எங்கே தெரியும்? நமக்கு அவர் அடுத்த இதழில் வருவார், அவ்வளவுதான்!

லயனில் 1985இல் 'தலை வாங்கிக் குரங்கு' என்ற கதையோடு வந்தார் டெக்ஸ் வில்லர். போனெல்லி எழுத, கல்லெப்பினி வரைய, 1948இல் இத்தாலியில் பிறந்தவர். பின்னர் வந்த லக்கி லூக், பெல்ஜியத்துக்காரரான மோரிஸின் படைப்பு. சிரிக்க வைக்கும் கௌபாய். 1990களில் வந்து இளைஞர்களைக் கட்டிப்போட்ட கேப்டன் டைகரின் அசல் பெயர் 'ப்ளூபெர்ரி'.

இந்த டைகருக்கும் நம் ஊருக்கும் ஒரு உறவு உண்டு. பிரெஞ்சுக்காரர் 1954இல் புதுச்சேரியை ஒப்படைத்தார்கள். சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது. அடுத்த வருஷம், 1963இல், பாரிஸின் 'பிலோத்' பத்திரிகையில் ஷார்லியே எழுத்திலும் ஜிரோ சித்திரத்திலும் பிறந்தவன் டைகர். பிரெஞ்சுக்காரர் போன பிறகு பிறந்த பிரெஞ்சுப் பிள்ளை, சிவகாசியைச் சுற்றிக்கொண்டு, தமிழ் பேசியபடி வில்லியனூருக்கு வந்து சேர்ந்தான்!

சலூனில் சாராயமா?

ஒரு புத்தகத்தை எத்தனை பேர் படிப்பார்கள்? வாங்கியவன் ஒருவன், படிப்பவர்கள் ஒரு தெரு. வகுப்பறை, டியூஷன், டீக்கடை பெஞ்சு, முடிவெட்டும் கடை என்று அது ஊர்வலம் போகும். முடிவெட்டும் கடையில் முறை வந்தாலும், "நீங்கள் முதலில் போங்கள் அண்ணே" என்று பெரியவர்களுக்கு வழிவிடும் மரியாதை எங்கிருந்து வந்ததென்று நினைக்கிறீர்கள்? கையிலிருக்கும் கதை இன்னும் முடியவில்லை!

அந்தக் கடையில்தான் எங்களுக்குப் பெரிய சந்தேகம் ஒன்று வந்தது. முடிவெட்டும் கடைக்குப் பெயர் சலூன். கதையில் வரும் முரடர்களும் 'சலூனில்' நுழைகிறார்கள்; ஆனால் அங்கே குடிக்கிறார்கள், சீட்டாடுகிறார்கள், நாற்காலியை உடைக்கிறார்கள். ஒருவன்கூட முடிவெட்டிக் கொள்வதில்லை! சாராயக்கடையை நன்றாக அறிந்த புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு, சலூனில் சாராயம் விற்கும் நாடு புரியாத நாடாகவே இருந்தது.

வில்லியனூர் ஸ்டேஷனில் ரயில் நின்று புறப்படும்போது, பக்கத்து வயல்வெளியிலிருந்து முகமூடிக் கொள்ளையர்கள் பாய்ந்து வருவார்கள் என்று காத்திருந்திருக்கிறோம். வந்தவை எருமைகள்தான். பாகூர் ஏரிக்கரையோ, தண்ணீர் வற்றிய கோடையில் அசல் அரிஸோனா! பனைமரங்களைக் கள்ளிச்செடிகளாக எண்ணிக்கொண்டால் போதும்.

பல கைகள் மாறிய புத்தகத்துக்கு அட்டை இருக்காது. சமயத்தில் கடைசிப் பக்கமும் இருக்காது. கதாநாயகன் பள்ளத்தாக்கின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருப்பான், பக்கம் தீர்ந்துவிடும். நாலு பையன்கள் சேர்ந்து நாலு முடிவு சொல்வோம். எது சரி என்று சண்டை நடக்கும். அப்படி ஒரு கதையின் கடைசிப் பக்கத்தை, முப்பது வருஷம் கழித்து வந்த மறுபதிப்பில் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், எங்கள் முடிவே தேவலை!

இரண்டு கார்சன்கள்

இந்த ஆனந்தத்தில் ஒரு முள்ளும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

டெக்ஸின் உயிர் நண்பர் கிட் கார்சன். வெள்ளி முடி, முணுமுணுப்பு, சாப்பாட்டுப் பிரியம். டெக்ஸோ, நவஹோ இனத்தாரின் தலைவர். 'இரவுக் கழுகு' என்பது அவர்கள் இட்ட பெயர். நவஹோ தலைவரின் மகள் லிலித்தை மணந்தவர். வெள்ளைக்கார அயோக்கியர்கள் விற்ற நோய்க் கம்பளிகளால் அம்மை பரவி அவள் இறந்தாள் என்பது கதை. அந்த நவஹோக்களின் நண்பராகத்தான் கார்சனை நாம் நேசித்தோம்.

சரித்திரத்திலும் கிட் கார்சன் என்று ஒருவர் இருந்தார். 1863–64இல் அமெரிக்க ராணுவத்தின் சார்பில் நவஹோக்கள்மீது படை நடத்தியவர் அவரே! அந்தப் படை சோளக் கொல்லைகளை எரித்தது, ஆடுகளைக் கொன்றது, பழமரங்களை வெட்டியது. பட்டினியால் சரணடைந்த எட்டாயிரத்துக்கும் அதிகமான மக்கள், சுமார் 300 மைல் தூரம் நடத்தப்பட்டு, நியூ மெக்ஸிகோவில் போஸ்கே ரெடோண்டோ என்ற இடத்தில் அடைக்கப்பட்டார்கள். வழியிலும் முகாமிலும் மாண்டவர்கள் பலர். 1868இல் உடன்படிக்கை ஏற்பட்ட பிறகே மீதிப் பேர் ஊர் திரும்பினார்கள்.

இதை வளர்ந்த பிறகு அறிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாம் இத்தனை நாள் யாருக்காகக் கைதட்டினோம்?

நாம் யார் பக்கம்?

இந்தக் கேள்வி நமக்கு அந்நியமானதல்ல. 1752இல் இதே பாகூருக்கு அருகே ஒரு சண்டை நடந்தது. ஒரு பக்கம் மேஜர் லாரன்ஸின் ஆங்கிலப் படை. மறு பக்கம் டூப்ளேயின் உறவினர் கெர்ஜானின் பிரெஞ்சுப் படை. துப்பாக்கிச் சனியனில் குத்திப் போரிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் தோற்றார்கள், கெர்ஜான் சிறைப்பட்டார். மண் யாருடையது? பாகூர்க்காரனுடையது! சீமையில் இதைக் கதையாக எழுதினால் லாரன்ஸும் கெர்ஜானும் குதிரைமேல் வருவார்கள். ஓரத்தில், பெயரில்லாமல், ஓடி ஒளிகிற ஜனங்களாக நம் பாட்டன் பூட்டன் வருவார்கள். அந்தக் கதையில் செவ்விந்தியர் நாம்தான்!

ஆகவே எனக்கு ஒன்று தோன்றுகிறது. எத்தனையோ கௌபாய்கள் தமிழுக்கு வந்தார்கள். நெஞ்சில் ஆழமாக நின்றவர்களில் முதன்மையானவர்கள் டெக்ஸும் டைகரும். ஒருவர் நவஹோக்களின் தலைவர். இன்னொருவன் சொந்த ராணுவத்தாலேயே துரோகி என்று வேட்டையாடப்பட்டு, அபாச்சேக்களிடம் அடைக்கலம் புகுந்தவன். நிலத்துக்குச் சொந்தக்காரன் பக்கம் நின்று சுடுகிற வீரர்களையே நம் பிள்ளைகள் அணைத்துக்கொண்டார்கள். அடைபட்ட மண்ணின் பிள்ளைக்கு இது சொல்லிக் கொடுக்காமலே வந்த நியாயம்.

வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் தேதி 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய வேண்டும் என்றவர்கள் 170 பேர். வேண்டாம் என்றவர்கள் 8 பேர். துப்பாக்கி வெடிக்கவில்லை, குதிரை ஓடவில்லை. நவஹோக்களுக்குக் கிடைக்காத கடைசிப் பக்கம் நமக்குக் கிடைத்தது!

பெட்டியைத் திறவுங்கள்

முத்து காமிக்ஸுக்கு 2022இல் ஐம்பது வயது நிறைந்தது. டைகரின் 'மின்னும் மரணம்' 2015இல் ஒரே பெருந்தொகுப்பாக வந்தது. வழவழப்பான தாள், வர்ணச் சித்திரங்கள். வாங்குகிறவர்களில் பலர் நரை கண்டவர்கள். குழந்தைகளைத்தான் காணோம், அவர்கள் கையில் செல்போன் இருக்கிறது.

பரண்மேல் தகரப் பெட்டி இருந்தால் இறக்குங்கள். சாணித்தாள் நாள்பட நொறுங்கிப் போகும், கரையான் காத்திருக்காது. எடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். முதலில் குதிரை ஓடட்டும், துப்பாக்கி வெடிக்கட்டும், பிள்ளை சிரிக்கட்டும். அதற்குத்தான் புத்தகம். பிறகொரு நாள், "இவர்கள் நிலத்தை யார் எடுத்துக்கொண்டார்கள்?" என்று கேட்டால், இரண்டு கார்சன்களையும் பற்றிச் சொல்லுங்கள். சாயங்காலம் ஏரிக்கரைக்கு அழைத்துப்போய் 1752ஐச் சொல்லுங்கள். கீழூர் நினைவிடத்தையும் காட்டுங்கள்.

அதுவரையில், பையன் பாடப் புத்தகத்துக்குள் எதையோ ஒளித்துவைத்துப் படித்தால், கண்டும் காணாததுபோல் இருந்துவிடுங்கள் அம்மா! மாடு மேய்க்கப் போகமாட்டான். போனாலும் குறைச்சல் ஒன்றுமில்லை.