நெடுந்தீவில் ஒரு பொழுது

படூரில் நம் அண்டைவீட்டாராய் இருந்து, 2009-இல் போர் ஓய்ந்தபின் ஊர் திரும்பிய ஈழத்து நண்பரைக் காண, தம்பி குடும்பத்தாருடன் நெடுந்தீவு சென்றோம். யாழ்ப்பாணத்திலிருந்து புங்குடுதீவு வழியாய்க் குறிகட்டுவான் துறை. அப்பால் ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். அலையில் பிள்ளைகள் சுருண்டுவிட்டனர்; நாமும் வீரம் பேசும் நிலையில் இல்லை.

தீவெங்கும் சாந்தின்றி அடுக்கிய முருகைக்கல் வேலிகள். போர்த்துக்கீசர் விட்டுச்சென்றவை எனப்படும் குதிரைகள் வறண்ட வெளியில் மேய்கின்றன. நன்னீர் அரிது, சாராப்பிட்டிக் கிணறுகளே பேர்பெற்றவை. நண்பரின் துணைவியார் நமக்கு நீர் மொண்டு தந்தபோது செம்பை வாங்கவே கூசினோம்.

"சுவாமி, மகன் வரமாட்டன் எண்டு நிக்கிறான். அவன் பிறந்த ஊர் படூரெல்லே?" என்றார் அவ்வம்மையார். நம்மிடம் மறுமொழி இல்லை.

புறப்படுகையில் மகனுக்கென ஒரு பொதி ஒடியல் தந்தார். சுங்கத்தாருக்கு அதை எவ்வாறு விளக்குவது என்ற கவலையோடு படகேறினோம்.