ஒரு டர்போவா, இரண்டா?

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. இதுதான் டர்போசார்ஜர். வீணாகப் போகும் புகையை வேலை வாங்கும் இந்த வழிக்கு சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-ல் காப்புரிமை பெற்றார்.

சிக்கல் ஒன்றுதான்: புகை போதிய அளவு வரும்வரை சக்கரம் வேகம் எடுக்காது. பெரிய டர்போ ஒன்றை மட்டும் பொருத்திய 1975-ஆம் ஆண்டு போர்ஷே 911 டர்போவில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் விசை வராது. சற்றுப் பொறுத்து மொத்தமாக வரும். வளைவின் நடுவே அப்படி வந்தால் பின்சக்கரங்கள் வழுக்கிவிடும்.

சிறிய டர்போ சீக்கிரம் சுழலும். 1989-ல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரில் மூன்று சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு சிறிய டர்போக்கள் இருந்தன. போர்ஷே 959-இன் ஏற்பாடு வேறு. குறைந்த வேகத்தில் ஆறு சிலிண்டர்களின் புகையும் ஒரே டர்போவுக்குப் போகும். வேகம் கூடியதும் இரண்டாவது சேர்ந்துகொள்ளும். 2.85 லிட்டர் எஞ்சின் 450 குதிரைத்திறன் தந்தது. ஆனால் குழாய்களும் வால்வுகளும் பெருகி, பழுதுபார்ப்பது கடினமாயிற்று.

இவற்றுள் மிக அழகான தீர்வு ‘ட்வின் ஸ்க்ரோல்’. புகை சீராக வருவதில்லை. துடிப்புத் துடிப்பாக வருகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் எரியும் வரிசை வழக்கமாக 1-3-4-2. முதல் சிலிண்டர் புகையை வெளியேற்றி முடிக்கும் தறுவாயில் மூன்றாவதன் வால்வு திறக்கிறது. தேர் பார்த்துத் திரும்பும் கூட்டத்துக்கு எதிரே புதுக் கூட்டம் நுழைவதைப் போல, அதன் அழுத்தம் முதலாவதன் புகையை மறிக்கிறது. எனவே 1, 4 இரண்டையும் ஒரு குழாயிலும், 2, 3 இரண்டையும் மற்றொன்றிலும் சேர்த்து, டர்போவின் வாய்வரை தனித்தனியே கொண்டுபோகிறார்கள். ஒவ்வொரு துடிப்பும் வலுக் குறையாமல் சக்கரத்தை அடிக்கிறது. கூடுதலாக ஒரு டர்போ வைக்காமல், புகையின் வழியை மட்டும் திருத்திப் பெற்ற பலன் இது.

டர்போவுக்குள் புகை நுழையும் இடத்தில் திரும்பும் தகடுகளை வைத்து, புகை குறைவாக வரும்போது வழியைக் குறுக்குவது இன்னொரு தீர்வு. டீசல் எஞ்சின்களில் இது பழைய வழக்கம். பெட்ரோல் புகையோ 1000 டிகிரி செல்சியஸை நெருங்குவதால் தகடுகள் அதைத் தாங்குவது கடினம். விண்கலத் தொழில்நுட்பம் வழிவந்த உலோகக் கலவைகளைக் கொண்டு போர்ஷே 2006-ல் 911 டர்போவில் அதைச் சாதித்தது. இப்போது சில மெர்சிடிஸ்-ஏஎம்ஜி கார்களில் டர்போவின் தண்டிலேயே மின்மோட்டார் இருக்கிறது. புகைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

எந்த அமைப்பானாலும் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டும் தண்டைத் தாங்குவது பெரும்பாலும் மெல்லிய எண்ணெய்ப் படலமே. வேகமாக ஓட்டி வந்த உடனே எஞ்சினை அணைத்தால் தேங்கும் எண்ணெய் கருகி பேரிங்கைக் கெடுக்கும். குதிரைத்திறனைப் பற்றிப் பேசுவோர் பலர் எண்ணெயை மறந்துவிடுகிறார்கள். அணைக்கும்முன் ஓரிரு நிமிடம் எஞ்சினை வெறுமனே ஓடவிடுங்கள். எண்ணெய் மாற்றும் தவணையைத் தள்ளிப்போடாதீர்கள்.