முதலில் காய்ந்த புல், பிறகே பச்சை

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்பதாலும், 30 பாகையைத் தாண்டிய வெப்பத்தில் மூச்சிரைத்துத் தளரும் வளர்ப்பு முயலுக்கு இத்தகைய குளிர்ச்சியே இதமானது என்பதாலும், மத்திய மலைநாடு முயல் வளர்ப்புக்கு இயல்பாகவே பொருந்திய நிலமாகும். நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் தேயிலை நிரையோரத்துப் புல், மரக்கறித் தோட்டத்தில் கழிக்கப்படும் கோவா இலை, கரட் தழை எனப் பச்சைத் தீனிக்கு ஆண்டு முழுவதும் பஞ்சமில்லை. பால் மறக்கும் பருவத்துக் குட்டிகளுக்கோ இந்தத் தாராளமே ஆபத்தாகிறது. அவற்றுக்கு முதலில் வேண்டிய உலர்ந்த புல், மழையும் மூடுபனியும் மாறிமாறி வரும் இம்மலைகளில் எளிதில் கிடைப்பதில்லை.

இதன் காரணம் குட்டியின் குடலில் உள்ளது. தாய் முயல் பெரும்பாலும் நாளுக்கு ஒரே ஒரு முறை, அதுவும் சில நிமிடங்களே பாலூட்டினாலும், அப்பாலில் பசும்பாலைப் போல மூன்று மடங்களவு கொழுப்பும் புரதமும் இருப்பதால் குட்டிக்கு அது போதுமானதாகிறது. அப்பாலின் கொழுப்பு குட்டியின் இரைப்பையில் சிதையும்போது உண்டாகும் சில கொழுப்பமிலங்கள் நுண்ணுயிர்களை அடக்கி வைக்கின்றன. வளர்ந்த முயலுக்கு இதே காவலைச் செய்வது இரைப்பையின் கடும் அமிலம். பால் குறைந்து அமிலம் இன்னும் முழுமையாக வலுப்பெறாத இடைவெளியில் குட்டிக்கு இவ்விரு காவலும் தளர்ந்திருப்பதால், தீனியோடு உட்செல்லும் கிருமிகள் குருட்டுக்குடல்வரை உயிரோடு சென்றுவிடுகின்றன. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் பை போல் விரிந்துள்ள இந்தக் குருட்டுக்குடலே முயலின் வயிற்றில் மிகப் பெரிய உறுப்பு. செரியாத நாரை நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துச் சத்தாக்குவது இங்குதான். அவ்வாறு உண்டாகும் சத்து, மென்மையான உருண்டைகளாக வெளிவரும்போது முயல் அவற்றை மீண்டும் உண்கிறது. அருவருப்பாகத் தோன்றினும் அந்தப் பழக்கமின்றி முயலுக்கு நலமில்லை. தாய் கூட்டில் விட்டுச்செல்லும் புழுக்கைகளைக் குட்டிகள் கொறிப்பதன் வழியாகவே நல்ல நுண்ணுயிர்களின் முதல் தொகுதி அவற்றின் வயிற்றை அடைகிறது.

ஏறத்தாழ மூன்று வாரத்தில் குட்டிகள் தீனியைக் கொறிக்கத் தொடங்கினாலும், நுண்ணுயிர்த் தொகுதி நிலைபெற மேலும் பல வாரங்கள் ஆகும். அதற்குள் நார் குறைந்த தீனியோ திடீர்த் தீனி மாற்றமோ நேர்ந்தால் சமநிலை குலைந்து, குளொஸ்ட்ரிடியம் வகை பற்றீரியா பெருகி நஞ்சைக் கக்க, கழிச்சலும் வயிறு ஊதலும் கண்டு ஓரிரு நாளில் குட்டி இறந்துபோகக்கூடும். வாந்தியெடுக்க இயலாத விலங்கு என்பதால், தின்ற தீங்கை வெளியே தள்ளும் வழியும் முயலுக்கு இல்லை. (அன்பு மிகுதியால் ஊட்டப்படும் பாணும் பிஸ்கட்டும் பச்சை இலையைவிட மோசமானவை.)

தேயிலை மலையில் துள்ளியோடும் காட்டு முயலைக் காட்டி, அது கண்டதைத் தின்று வாழ்கிறதே என வாதிடுவது பொருந்தாது. அது கருங்கழுத்து முயல் எனப்படும் வேறு இனம்; அதன் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறப்பது, வளர்ப்பு முயலின் குட்டியோ கண் மூடி, உரோமமின்றிப் பிறப்பது.

எனவே வீட்டு வளர்ப்பில் 12 வார வயதுவரை உலர்ந்த புல்லையே முதன்மையாக்கி, அதன்பின் பச்சையைத் தொடங்குவது பாதுகாப்பான வழியாகக் கொள்ளப்படுகிறது. தாய் முன்பிருந்தே பச்சை தின்று பழகியிருந்து, குட்டிகளும் அதனோடு சேர்ந்து கொறித்து வளர்ந்திருந்தால் சற்று முன்னதாகவும் தொடங்கலாம். ஒரு நேரத்தில் ஒரே வகை, அதிலும் இரண்டு விரல் அகலத் துண்டு கொடுத்து, மூன்று நான்கு நாள் புழுக்கையைக் கவனித்து, அது உருண்டையாகவும் உலர்வாகவும் இருந்தால் மட்டுமே அளவைக் கூட்ட வேண்டும். இலையைக் கழுவி, நீர் வடித்து, தரையில் போடாமல் கூட்டின் பக்கத்தில் செருகி வைப்பது நல்லது. குட்டிகளைப் பெரிதும் கொல்லும் கொக்சிடியா ஒட்டுண்ணி, ஈரத்தில் முதிர்ந்து எச்சம் பட்ட தீனி வழியாகவே பரவுகிறது. உலர்புல்லுக்கு, தேயிலை மறுநடுகைக்கு முன் மண்ணைத் தேற்றத் தோட்டங்களில் வளர்க்கப்படும் குவாத்தமாலாப் புல்லின் இலையைத் தண்டிலிருந்து பிரித்து, மழை குறைந்த பெப்ரவரி, மார்ச் மாதங்களில் கூரையடியில் காற்றாடக் காயவைக்கலாம். பூஞ்சணம் பிடித்தால் அதை எறிந்துவிட வேண்டும்.

மரக்கறிகளில் கரட் தழையும் வத்தாளங்கொடியும் நல்ல தொடக்கம். கோவாவை மட்டுமே நம்புவது தவறு. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் செஸ்னியும் சகாக்களும் 1928-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலும் கோவா தின்று வளர்ந்த முயல்களுக்குக் கழுத்துக் கழலை கண்டது. நுவரெலியாவில் மலிந்து கிடக்கும் லீக்ஸ், வெங்காயக் குடும்பத்துக்குரியதாகையால் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உருளைக்கிழங்குச் செடியின் தழையிலும் பட்டர்புரூட் இலையிலும் நஞ்சுண்டு.

தேயிலை மலையின் புல்லில் இன்னொரு சிக்கல் உண்டு. இலங்கையில் 2015-இல் தடைசெய்யப்பட்ட கிளைபோசேட் களைகொல்லி 2018-இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. குளிர்ந்த, மேகமூட்டமான காலநிலையில் இம்மருந்து பட்ட புல் வாடுவதற்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம் என்பதால், புல் பச்சையாக இருப்பதை வைத்து மருந்து படவில்லை என முடிவுகட்ட இயலாது. எந்த நம்பர் மலைக்கு எப்போது மருந்தடித்தார்கள் என்று கங்காணியிடம் கேட்டறிந்த பின்னரே அங்கு அரிவாளோடு இறங்க வேண்டும்.